நடுக்குவாதம் வந்தவர் வீட்டுக்குக் கைகொடுக்க

உறவில் ஒருவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் போய் நிற்கிறோம். ராப்பகலாக அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ நமக்குக் காபி போட அடுப்படிக்குப் போய்விடுகிறார். வருடக்கணக்கில் நீளும் நோய் இது. பார்த்துக்கொள்பவரின் பாரத்தில் கொஞ்சத்தை இறக்கிவைக்கச் சில வழிகள்:

1. "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "அக்கா, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர்றேன். ஆறு மணி வரைக்கும் மாமாவை நான் பாத்துக்கறேன்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் கோயிலுக்குப் போனாலும் தூங்கினாலும் அவர் இஷ்டம்.

2. போகுமுன் மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து வேலை செய்யும்போது ஓரளவு நடமாடுகிறவருக்கு, அதன் வேகம் தீர்ந்ததும் சட்டைப் பொத்தான் போடுவதுகூடப் பெரும்பாடு. குளியல், நடை எல்லாவற்றையும் அந்த நல்ல நேரத்துக்குள்தான் முடிக்கவேண்டும். விருந்தாளி போய் அதைத் தின்றுவிடக் கூடாது. "காலையில நல்லாத்தானே நடந்தார்?" என்ற கேள்வியும் வேண்டாம். பார்த்துக்கொள்பவரை அது ரொம்பச் சுடும்.

3. சமைத்து அனுப்புவது நல்ல உதவி. ஆனால் பால், பருப்பு, முட்டை போன்ற புரத உணவு மாத்திரையோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். மலச்சிக்கல் இந்த நோயோடு கூடவே வரும். கீரை, காய்கறி கூடுதலாக இருக்கட்டும். விழுங்கச் சிரமமென்றால் குழைவாகச் செய்யுங்கள்.

4. நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். சற்று நிற்கவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள். அல்லது தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்லுங்கள். அடிக்கடி நின்றுவிடும் இடத்தில் பளிச்சென்ற டேப்பைக் குறுக்காக ஒட்டிக் கொடுக்கலாம்.

5. இரவுதான் பார்த்துக்கொள்பவரை உருக்குலைப்பது. நோயாளி தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். புரண்டு படுக்கவும் பாத்ரூம் போகவும் கை வேண்டும். மாதத்துக்கு ஓர் இரவாவது நீங்கள் போய்ப் படுங்கள். தம்பி, மச்சான், மாப்பிள்ளை என்று ஆண்கள் முறைபோட்டுக்கொள்ளலாம். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும்.

6. பூனைக்காலி விதைப் பொடியை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு எகிறும். டாக்டரைக் கேட்காமல் கூடாது.

7. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அலைந்து அடையாள அட்டை, உதவித்தொகை பற்றிக் கேட்டு வரும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. மாத்திரைகளின் பெயர், அளவு, நேரத்தை இரண்டு தாள்களில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று வையுங்கள். வாந்தி என்று தெருமுனைக் கிளினிக்குக்கு நீங்கள் கூட்டிப்போக நேர்ந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு இந்த நோயை மோசமாக்கும்.