போனில் அத்தை முகத்தைக் காட்டாதே, வீட்டைக் காட்டு

தங்கச்சி, டிமென்ஷியா இருக்கிற அத்தைக்கு, அதான் உன் மாமியாருக்கு, வீடியோ காலில் ஆக்குபேஷனல் தெரபி எப்படிச் சரிப்படும்னு கலங்காதே. குளிக்க, உடுத்த, சாப்பிட, பிடிச்ச ஒரு வேலையைச் செய்ய அவங்ககிட்ட இன்னும் என்ன திறமை மிச்சமிருக்குன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி வீட்டையும் உன் பேச்சையும் மாத்துறதுதான் இந்தத் தெரபி. பாடம் முக்கியமா உனக்கு.

நோய் என்னன்னு தீர்மானிக்கிறது மட்டும் நேரில் நடக்கணும். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு இதெல்லாம்கூட மறதியாத் தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிச்சிட்டு வா. அதுக்கப்புறம் வீடியோதான் நல்லதுன்னே சொல்லுவேன். ஓசூர் ரோட்டு நெரிசல்ல கூட்டிட்டுப் போனா, சேரும்போதே அத்தை மிரண்டிருப்பாங்க. வீட்டில் அவங்க தடுமாறுற வாசப்படி ஆஸ்பத்திரி அறையில் இருக்காது.

முதல் வீடியோ காலில் அத்தை இல்லாம நீ மட்டும் பேசு. எதிரில் பேசுற தெரபிஸ்ட் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டம்) படிச்சவரான்னு கேட்டுக்கோ, பிசியோதெரபி வேற படிப்பு. தமிழ் தெரியுமான்னும் கேளு. அத்தைக்குக் கன்னடம் நல்லா வரும்தான். ஆனா இந்த நோய் முற்றும்போது பலருக்கும் பின்னாடி கத்துக்கிட்ட மொழிதான் முதலில் நழுவும். தமிழ் தெரியாதவர்னா, அவர் உனக்குச் சொல்லட்டும், நீ அத்தைக்குச் சொல்லு.

அத்தையும் சேர்ந்திருக்கிற வீடியோ காலைக் காலை நேரத்தில், காபி குடிச்சு முடிச்ச நேரத்தில் வை. சாயங்காலம் படபடப்பு கூடும். கண்ணாடி, காது மெஷின் போட்டாச்சான்னு பாரு. போனை ஸ்டாண்டில் நிறுத்தி, அவங்க கை தெரியுற மாதிரி பக்கவாட்டில் வை. திரையில் தெரியுற ஆளைப் பார்த்துப் பயந்தாங்கன்னா, திரையைத் திருப்பிட்டுக் காதில் ஒரு இயர்போன் மாட்டிக்கோ. தெரபிஸ்ட் சொல்றது உனக்கு மட்டும் கேட்கட்டும். கரண்டும் நெட்டும் கைவிடுற நாளுக்காக, ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு முன்கூட்டியே எடுத்து அனுப்பு: படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை போற வழி.

பாத்ரூமில்தான் அதிக நேரம் செலவழிக்கணும். அத்தை குளிக்கிறதை எந்தக் காரணத்துக்கும் படம் எடுக்காதே. காலியா இருக்கும்போது நீ புடவையோட உள்ளே நின்னு, அவங்க எங்கே பிடிக்கிறாங்க, எங்கே தயங்குறாங்கன்னு நடிச்சுக் காட்டு. படி உயரம், டாய்லெட் உயரம், கதவு அகலம் மூணையும் டேப்பால அளந்து சொல்லு. வெள்ளை டைல்ஸில் வெள்ளை மக் அவங்க கண்ணில் படாது, சிவப்பு மக் வாங்கு. கறுப்புக் கால்மிதி பள்ளம் மாதிரித் தெரியலாம், எடுத்துடு. சுவரில் துளை போட்டு மாட்டுற கைப்பிடிதான் வேணும். ஒட்டுற வகையை நம்பாதே. கீஸர் குழாயை அவங்க திறக்கிற மாதிரி விடாம, வெந்நீரை விளாவி, தொட்டுப் பார்த்துத் தயாரா வை. "குளிங்க அத்தை"ன்னா அதுக்குள்ளே பத்து வேலை ஒளிஞ்சிருக்கு. "மக்கைப் பிடிங்க அத்தை"ன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு. சொல்லிட்டு மனசுக்குள்ளே பத்து எண்ணு. பதில் வர நேரமாகும்.

அடுத்தது அவங்களுக்கு ஒரு வேலை. பூ கட்டினவங்க, கீரை ஆய்ஞ்சவங்க, வீட்டையே நடத்தினவங்க. சும்மா உட்கார வைக்கிறது அவங்களுக்குத் தண்டனை. மார்கழி, தையில் பெங்களூரு முழுக்க அவரைக்காய்தானே? ஊற வைச்ச கொட்டையைப் பிதுக்கித் தோல் எடுக்கிற வேலையைத் தெரபிஸ்ட்கிட்ட சொல்லு. எந்த உயர மேஜை, எத்தனை கிண்ணம், எவ்வளவு நேரம்னு அவர் பார்த்துச் சொல்லுவார். நீ ஒண்ணைப் பிதுக்கிக் காட்டிட்டு அவங்க கையில் கொடு. தோலையும் பருப்பையும் ஒரே கிண்ணத்தில் போட்டா போடட்டும், திருத்தாதே. பிறகு நீ பிரிச்சுக்கலாம். பச்சைக் கொட்டையை வாயில் போடுற பழக்கம் இருந்தா இந்த வேலை வேண்டாம், துண்டு மடிக்கக் கொடு.

எத்தனை வாரம், என்ன இலக்குன்னு ஆரம்பத்திலேயே பேசிக்கோ. நெதர்லாந்தில் மாட் கிராஃப் குழு 135 பேரை வைச்சு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கே போய் 5 வாரத்தில் 10 முறைதான் தெரபி கொடுத்தாங்க. நோயாளிகளோட அன்றாட வேலை மேம்பட்டுச்சு, கவனிச்சுக்கிறவங்களோட திணறலும் குறைஞ்சது. அது நேரில் நடந்தது, ஆனாலும் அளவான திட்டம் போதும்னு அதில் தெரியுது. "தானே சட்னி தொட்டு இட்லி சாப்பிடணும்" மாதிரி ஒரே ஒரு இலக்கு வை.

சில நேரம் வீடியோவை நம்பி உட்காரக் கூடாது. அத்தை விழுந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, நேத்து வரை நல்லா இருந்தவங்க இன்னிக்குத் திடீர்னு குழம்பிப்போனாலோ அன்றைக்கே டாக்டர்கிட்ட போ. சிறுநீர்த் தொற்றுகூட வயசானவங்களை அப்படிப் புரட்டிப் போடும்.

மாப்பிள்ளையையும் இதில் இழுத்துப் போடு. அவர் அம்மாதானே? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போனைப் பிடிச்சு நடக்கிறதும், தெரபிஸ்ட் சொன்னதை நோட்டில் எழுதுறதும் அவர் வேலை. உலக சுகாதார நிறுவனம் கவனிப்பாளர்களுக்காக உருவாக்கின 'ஐசப்போர்ட்' பயிற்சியை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்காங்க. அதை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. பகலில் அத்தையைப் பார்த்துக்க இடம் வேணும்னா நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டில் விசாரி. முதியோர் உதவிக்கு 14567. ராத்திரி உனக்கே தாங்க முடியாம அழுகை வந்தா 14416, டெலி மனஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ரெண்டு நம்பரையும் இப்பவே போனில் பதிஞ்சு வை.