எந்த லைன் எடுப்பது, மாப்பிள்ளை?

தேனி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. சென்னைக் கம்பெனி வேலையை இனிச் சின்னமனூர் வீட்டிலிருந்தே பார்க்கப் போகிறாய் என்று அக்கா சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. படித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமலே சம்பாதிக்கலாம் என்ற காலம் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அதைக் கெடுக்கவும் காக்கவும் ஒரு நெட் லைன் போதும்.

உங்கள் தெருவில் ஓடும் நெட்வொர்க் கைமாறப் போகிறது என்று பேசிக்கொள்கிறார்களாம், சாயங்காலம் ஆனால் லைன் தொங்குகிறதாம். வேறு எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்று கேட்டிருந்தாய். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. கம்பத்தில் நன்றாக ஓடும் கம்பெனி கோம்பையில் படுத்துவிடும். ஒரே ஊரிலேயே தெருவுக்குத் தெரு வித்தியாசப்படும். அதனால் எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் வீட்டுக்கு வரும் லைன் ஒரே ஆளுடையது இல்லை. குறைந்தது மூன்று பேர் கை அதில் இருக்கிறது. மதுரை, சென்னைப் பக்கமிருந்து இணையத்தை மொத்தமாகக் கொண்டுவந்து நம் ஊரில் இறக்குபவர் ஒருவர். உரிமம் வைத்துக்கொண்டு பில் போடும் கம்பெனி இன்னொருவர். போஸ்டுக்குப் போஸ்ட் ஃபைபர் இழுத்து உன் வீட்டுச் சுவரில் பாக்ஸ் மாட்டும் கேபிள்காரர் மூன்றாமவர். பிஎஸ்என்எல் ஃபைபர் என்று பெயர் இருந்தாலும், சிற்றூர்களில் கடைசித் தூரத்தை இழுத்துப் பராமரிப்பவர் பெரும்பாலும் வருமானத்தில் பங்கு வாங்கும் உள்ளூர்க் கூட்டாளிதான். ரயில்வே துறையின் ரயில்டெல் நடத்தும் ரயில்வயரும் கேபிள்காரர்கள் வழியாகத்தான் வீடுகளுக்கு வருகிறது. ஆகவே நெட்வொர்க் ஆட்டம் காண்கிறது என்று காதில் விழுந்தால், ஆடுவது இந்த மூவரில் யார் என்று முதலில் விசாரி. ஆள் மாறினால் நீ செய்ய வேண்டியதும் மாறும்.

ஏர்செல் விழுந்த கதை உனக்கு நினைவிருக்கும். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய செல்போன் சேவை அது. நம் மாநிலத்தில் மட்டும் கோடிப் பேருக்கு மேல் அந்த எண்ணை வைத்திருந்தார்கள். 2018 ஜனவரி 30-ஆம் தேதி குஜராத், மகாராஷ்டிரம் உட்பட 6 தொலைத்தொடர்பு வட்டங்களில் கடையைக் கட்டியது. பிப்ரவரி கடைசியில் தமிழ்நாட்டில் சிக்னல் போனது. டவர் வாடகைக்கு விட்டிருந்த நிறுவனத்துடன் பணப் பிரச்சினை முற்றி, டவர்கள் நிறுத்தப்பட்டதுதான் முக்கியக் காரணம். பிப்ரவரி 28-ல் திவால் மனு போட்டார்கள். எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற வழி தேடி ஜனங்கள் கடை வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு ஏப்ரல் 15 வரை அவகாசம் வாங்கித் தந்தது.

அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு கம்பெனி வாடிக்கையாளரிடம் தன் கஷ்டத்தைச் சொல்வதற்கு ரொம்ப முன்பே, தனக்குச் சரக்குத் தருபவருக்குப் பாக்கி வைக்கத் தொடங்கிவிடும். உள்ளூர் நெட்வொர்க்கிலும் அப்படித்தான். மேலிருந்து வாங்கும் இணைய அளவைக் குறைத்துக்கொண்டால், காலையில் சரியாக இருக்கும் லைன் இரவு 8 மணிக்கு மூச்சு வாங்கும். டெக்னீஷியன் அடிக்கடி மாறுவார். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்று திடீரென்று ஆசை காட்டுவார்கள். எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: உனக்கு லைன் கொடுத்த கேபிள்காரர் தன் வீட்டுக்கு எந்தக் கம்பெனி லைன் போட்டிருக்கிறார் என்று பார்.

செல்போனில் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. வீட்டு பிராட்பேண்டுக்கு அந்த வசதி கிடையாது. புது லைன், புது பாக்ஸ், புது இன்ஸ்டலேஷன் கட்டணம் என்று எல்லாமே முதலிலிருந்து. அதனால் வெளியேறும் வழியை உள்ளே போகும் அன்றே நீதான் போட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

தவறு மேலே இருக்க, அடி கீழே விழுவதும் உண்டு. 2007-ல் தொடங்கி, 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல் தந்து பேர் வாங்கியது நம் அரசு கேபிள். 2022 நவம்பரில் அதன் செட்டாப் பாக்ஸ்கள் மாநிலத்தின் பல பகுதிகளில் சில நாட்கள் முடங்கின. மென்பொருள் தந்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட பிணக்குதான் காரணம். தெருக் கேபிள்காரரின் வயர் அன்றும் நன்றாகத்தான் இருந்தது. திட்டு மட்டும் அவருக்கு.

மேலே கம்பெனி நின்றும் கீழே ஆள் இல்லாமல் போன நேர்மாறான கதை பிஎஸ்என்எல். அதை மூடிவிடுவார்கள் என்று பல வருடமாகப் பேச்சு. மத்திய அரசு 2019-ல் ஒரு மீட்புத் திட்டம், 2022-ல் 1.64 லட்சம் கோடி, 2023-ல் 89,047 கோடி என்று கைகொடுத்து நிறுத்தியது. கம்பெனி மூடவில்லை. ஆனால் 2020 ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் 78,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து சைக்கிளில் வந்து லைன் பார்த்த மனிதர்களைப் பிறகு காணவில்லை. கம்பெனி நிலைக்குமா என்பது ஒரு கேள்வி, பழுது பார்க்க ஆள் வருமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேள்.

பாரத்நெட் வந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வேலையை ஒப்படைக்காதே. 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம் அது. அதன்படி தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்க வேண்டும் என்று டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-ல் டெண்டர் ரத்தாகி, மறுபடி விட்டு, வேலை ஆரம்பிக்க 2022 ஆனது. நல்ல திட்டம்தான், வரட்டும், வாழ்த்துவோம். நீ முடிவெடுக்க வேண்டியது இன்றைக்கு உன் தெருவில் இருப்பதை வைத்து.

இனி நம் மண்ணுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு நம்முடையது. ஃபைபர் ரோட்டை ஒட்டித்தான் வரும், நமக்கு ரோடுகளோ குறைவு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனிக்கு ஒன்று. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாக இன்னொன்று. தேனியிலிருந்து தெற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி வரை ஒரே நெடுஞ்சாலை. மேற்கே போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் சேரும் ரோடு ஒன்று இருக்கிறது.

இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரரிடம் கேள்: "உங்க லைன் தேனிக்கு ரெண்டு பக்கமும் வருதா, ஒரே பக்கமா? தேனிக்குத் தெற்கே ஒரு எடத்துல வெட்டுப்பட்டா போடி வழியா சுத்தி வருமா?" இரண்டு வழி இருந்தால் ஆண்டிபட்டிப் பக்கம் ஜேசிபி ஃபைபரைத் தோண்டி எடுத்தாலும் உனக்குத் தெரியாது. ஒரே வழி என்றால், ரோடு அகலப்படுத்தும் வேலை எங்கே நடந்தாலும் உன் மீட்டிங் பாதியில் நிற்கும். நேர்மையான ஆள் இதற்கு உடனே பதில் சொல்வார். பதில் சொல்லத் தெரியாதவருக்குத் தன் லைன் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது என்று வைத்துக்கொள்.

இரண்டாவது லைன் ஒன்று துணைக்கு வேண்டும் என்று நினைத்தாய் என்றால், பெயர் வேறாக இருப்பது போதாது, வழி வேறாக இருக்க வேண்டும். ஒரே போஸ்டில் தொங்கும் இரண்டு கம்பெனி ஃபைபர் ஆடிக்காற்றில் மரம் சாய்ந்தால் சேர்ந்தே அறும். உன் வேலைக்கு ஒரு ஃபைபர் லைன், அதோடு வேறு கம்பெனியின் சிம்மில் ஹாட்ஸ்பாட். ஆரம்பத்துக்கு இது போதும்.

தெருவுக்கு வருவோம். ஃபைபர் என்பது 125 மைக்ரான் பருமனுள்ள கண்ணாடி இழை, தலைமுடி அளவு. அது அறுந்தால் டெக்னீஷியன் எப்படி ஒட்டுகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார். நல்ல வேலைக்காரர் மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முனையை நேராக வெட்டுவார். ஸ்ப்ளைசிங் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனையும் எதிரெதிரே வந்து நிற்கும். ஒரு மின்பொறியில் உருகி ஒன்றாகும். இழப்பு 0.1 டிபிக்குக் கீழே என்று திரை காட்டும். மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிப் பெட்டிக்குள் சுருட்டி வைப்பார். அவசரத்துக்கு ஸ்லீவும் பெட்டியும் இல்லாமல் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போகிறவர் இருந்தால், அந்த ஒட்டு அடுத்த மழையில் உன்னைக் கூப்பிடும்.

வீட்டு பாக்ஸில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். அது எரியாமலே லைன் தொங்கினால், பாக்ஸுக்குள் வரும் வெளிச்சத்தின் அளவைக் காட்டச் சொல். மைனஸ் 20 டிபிஎம்மை ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறாய். 3 டிபி குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும் என்பதை நினைவில் வை. பாக்ஸ் மாட்டும் அன்றே அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், பின்னால் வாக்குவாதம் இல்லை.

ஒரு ஃபைபரை எத்தனை வீட்டுக்குப் பிரித்திருக்கிறார்கள் என்றும் கேள். இப்போது பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு ஃபைபரில் கீழே வரும் மொத்த வேகம் ஏறத்தாழ 2,500 எம்பிபிஎஸ். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் வீட்டுக்கு 78. 64 வீடு என்றால் 39. எல்லாரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்பதால் இது ஓடுகிறது. விளம்பரத்தில் உள்ள வேகத்தை விட, இரவு 9 மணிக்குப் பக்கத்து வீட்டில் என்ன வேகம் வருகிறது என்று அளந்து பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு.

கரண்டையும் மறக்காதே. காற்றுக் காலத்தில் நம் பக்கம் மின்தடை சகஜம். பாக்ஸுக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடு. ஆனால் கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் பேட்டரி இல்லை என்றால் உன் யுபிஎஸ் விளக்கு மட்டும்தான் எரியும். ஊரில் கரண்ட் போகும்போது அவர் மெஷின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுவிடு.

பண விஷயத்தில் கறாராக இரு. ஆட்டம் காணும் நெட்வொர்க்குக்கு மாதா மாதம் கட்டு. மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வேண்டவே வேண்டாம். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று பார். பாக்ஸுக்கு டெபாசிட் வாங்கினால் ரசீது, அதில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். வைஃபை ரவுட்டர் உன் சொந்தமாக இருக்கட்டும். கம்பெனி மாறினாலும் வீட்டிலுள்ள செல்போனும் டிவியும் பழைய பாஸ்வேர்டிலேயே ஓடும்.

உரிமத்தையும் விசாரி. இணைய சேவை உரிமத்தில் ஏ பிரிவு நாடு முழுவதற்கும், பி பிரிவு ஒரு மாநில வட்டத்துக்கும், சி பிரிவு சின்னப் பகுதிக்கும் உரியது. சி பிரிவு என்பதால் மட்டம் என்று நினைக்காதே. தெருவில் அக்கறையாக ஓடிவருபவர் பல நேரம் அவர்தான். உரிமம் யார் பெயரில், பில் யார் பெயரில் என்று தெரிந்திருந்தால்தான் நாளைக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியும்.

பழுது சொல்லும்போது போனில் சொன்னதோடு விட்டுவிடாமல் புகார் எண் வாங்கு. மூன்று நாளுக்கு மேல் பழுது நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று டிராய் விதி இருக்கிறது. கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. அதிலும் நடக்கவில்லை என்றால் தேனியில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உன் நிலையில் நான் இப்படிச் செய்வேன். இருக்கும் லைனை உடனே வெட்டமாட்டேன். மாதக் கட்டணத்துக்கு மாற்றிக்கொள்வேன். ஊரில் இருக்கும் மற்ற இரண்டு மூன்று பேரிடமும் வழி, பழுது, கரண்ட் பற்றிய இந்தக் கேள்விகளைக் கேட்பேன். கேட்ட அன்றே ஒழுங்காகப் பதில் சொன்னவரிடம் ஒரு மாதத்துக்கு லைன் எடுத்து இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பேன். அந்த ஒரு மாதச் செலவு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் வாங்கும் கெட்ட பெயரை விட மலிவு.

கேட்க வெட்கப்படாதே. நம் ஊர்களில் இதுவரை யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை, அதனால் யாரும் பதிலைத் தயாராக வைத்திருக்கவும் இல்லை. சின்னமனூரில் நாலு வீடு கேட்கத் தொடங்கினால், தேனியிலிருந்து இரண்டாவது வழியாக ஃபைபர் இழுக்கக் கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைக்கும். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுது. தெரியாத பதில் ஏதாவது வந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட உட்கார்ந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா