மாணவர் மன்றப் பொறுப்பு கைமாறும் முறைகள்: ஓர் ஒப்பீட்டு வழிகாட்டி

மாணவர் மன்றம் என்பது, கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு பொது ஈடுபாட்டின் பொருட்டுக் கூடி, தங்களுக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலிய பொறுப்பாளர்களை அமர்த்திக்கொண்டு நடத்தும் அமைப்பாகும். தமிழ் மன்றம், அறிவியல் கழகம், நாடகக் குழு, ரோட்டராக்ட் சங்கம் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஊர்ச் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதி உறுப்பினராய் இருந்துவிட முடியும். மாணவர் மன்றத்திலோ கலை அறிவியல் கல்லூரியாயின் 3 ஆண்டுகளிலும், பொறியியல் கல்லூரியாயின் 4 ஆண்டுகளிலும், முதுகலைத் துறையாயின் 2 ஆண்டுகளிலும் உறுப்பினர் அனைவரும் ஒருவர் விடாமல் மாறிவிடுகின்றனர். ஆதலால் பொறுப்பு கைமாறுவது பிற அமைப்புகளில் எப்போதேனும் நிகழும் செயலாய் இருக்க, இங்கு ஆண்டுதோறும் மன்றம் பிழைப்பதா மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதா என்பதைத் தீர்மானிக்கும் செயலாகிறது. கல்லூரிகளில் இது குறித்து எழும் விவாதமோ, பொறுப்பாளரைத் தேர்தலால் தெரிவதா ஆசிரியர் நியமிப்பதா என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தெரிவு செய்யப்படும் முறையைக் காட்டிலும், தெரிவு செய்யப்பட்ட நாள்முதல் பழையவரும் புதியவரும் எவ்வளவு காலம் உடனிருக்கின்றனர் என்பதே ஒப்படைப்பின் தரத்தை முடிவு செய்கிறது. அக்காலத்தை இங்கு உடனிருப்புக் காலம் எனக் குறிக்கலாம். கீழே ஒப்பிடப்படும் முறைகள் யாவும் அதன் அளவாலேயே ஒன்றினின்று ஒன்று வேறுபடுகின்றன.

ஒப்படைக்கப்படுபவை எவை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கணக்கேடு, முத்திரை, பதாகை, வங்கிப் புத்தகம், கடவுச்சொல் போன்றவை ஒரே நாளில் கைமாறக்கூடியவை. ஓர் அரங்கத்துக்கு எத்தனை நாள் முன்னதாக முதல்வரிடம் விண்ணப்பம் தரவேண்டும், அழைப்பிதழில் பெயர்கள் எந்த வரிசையில் வரவேண்டும், ஒலிபெருக்கிக்காரரிடம் எதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பன போன்ற செயலறிவு, ஒருமுறையேனும் உடனிருந்து பார்த்தவரிடமே முழுமையாகச் சேரும். எழுத்துக் குறிப்பு அதில் பாதியை மட்டுமே காக்கும். மூன்றாவதாகிய உறவு இவ்விரண்டிலும் நுட்பமானது. விழாவுக்கு ஆண்டுதோறும் வந்து உதவும் முன்னாள் மாணவர், விளம்பரம் தரும் கடைக்காரர், நடுவராக இசையும் பேராசிரியர், கோப்பை விரைந்து நகர்த்தும் அலுவலக உதவியாளர் ஆகியோரின் நல்லெண்ணம் மன்றத்தின் பெயரால் அன்றி ஒரு மாணவரின் முகத்தாலேயே ஈட்டப்பட்டிருக்கும். பழையவர் புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினாலன்றி அது கைமாறுவதில்லை. ஒரு மன்றத்தில் இம்மூன்றில் எது முதலில் அழியக்கூடியது என்பதைக் கண்டுகொண்டால், அதற்கேற்ற முறை எது என்பதும் ஏறத்தாழத் தெளிந்துவிடும்.

முதலாவது முறை, கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய பொறுப்பாளரைத் தெரிந்து அன்றே பொறுப்பேற்கச் செய்வது. முதலாண்டு மாணவர்கள் உட்பட அனைவரும் தெரிவில் பங்குபெறுவர் என்பதும், விடுமுறைக்குப் பிந்தைய ஊக்கம் மன்றத்துக்குக் கிடைக்கும் என்பதும் இதன் நன்மைகள். இந்தியாவில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் இவ்வழியிலேயே செல்கின்றன. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006 இல் அளித்து, அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தப் பணித்த பரிந்துரைகள், கல்வியாண்டு தொடங்கிய 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தலை நடத்தவேண்டும் என்றும், ஒருவர் பொறுப்பாளர் பதவிக்கு ஒருமுறையும் செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இருமுறையும் மட்டுமே போட்டியிடலாம் என்றும் வரையறுக்கின்றன. இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், முந்தைய தலைவர் இறுதியாண்டினராயின் தேர்தலுக்கு முன்பே கல்லூரியை விட்டுச் சென்றிருப்பார் என்பதும், கல்லூரியில் இருப்பினும் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது என்பதும் புலனாகும். பேரவையின் நினைவு இருமுறை செயற்குழுவில் இடம்பெறக்கூடியவர்களிடமே தங்கி நிற்கிறது. ஒருவரிடமே அதிகாரம் தேங்குவதைத் தடுக்க விரும்பும் பிரதிநிதித்துவ அமைப்புக்கு இது தகும். ஆனால் அவ்விதிகள் மாணவர் பிரதிநிதித்துவ அமைப்புகளுக்கானவை. அவற்றைப் பார்த்துத் தமிழ் மன்றமும் நாடகக் குழுவும் ஆகஸ்டு வரை காத்திருப்பதற்கு எக்காரணமும் இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் மன்றம் பொறுப்பாளர் இன்றிக் கிடப்பதால், முதலாண்டு மாணவர்களை வரவேற்று ஈர்க்கவேண்டிய வாரங்கள் வீணாகிவிடுகின்றன.

இரண்டாவது முறை, அடுத்த பருவத்துக்கோ அடுத்த ஆண்டுக்கோ உரியவரை முன்னதாகவே தெரிந்து, பதவியில்லாத ஒரு பயிற்சிக் காலத்தை அவருக்கு அளிப்பது. 1823 இல் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் என்னும் விவாத மன்றம் இதற்குத் தெளிந்த சான்று. ஆண்டின் மூன்று பருவங்களுக்கும் தனித்தனித் தலைவரைக் கொள்ளும் அம்மன்றத்தில், ஒரு பருவத்தில் தேர்ந்தெடுக்கப்படுபவர் அடுத்த பருவம் முழுதும் வருநிலைத் தலைவராக, அதாவது தெரிவாகியும் பதவியேற்காதவராக இருந்து, அதன்பின்னரே தலைமை ஏற்கிறார். நூலகர், பொருளாளர் பதவிகளுக்கும் இவ்வேற்பாடு உண்டு. சில வாரங்களே நீளும் பருவத்துக்கொரு தலைவர் மாறியும் ஒரு மன்றம் இரு நூற்றாண்டு கடந்து நிற்பதற்கு, வெளிப் பேச்சாளர்களை ஒரு பருவம் முன்னதாகவே அழைத்து வைக்க வருநிலைத் தலைவருக்குக் கிடைக்கும் அவகாசமும் ஒரு காரணம் எனக் கொள்வது தவறாகாது. 1968 இல் தோன்றிய ரோட்டராக்ட் இயக்கத்தின் சங்கங்களிலும், ஜூலை 1 அன்று தொடங்கும் ரோட்டரி ஆண்டுக்குரிய தலைவரை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் வழக்கம் உண்டு. இம்முறையின் குறை வேறிடத்தில் இருக்கிறது: அடுத்தவர் யார் என்பது தெரிந்த நாள்முதல் உறுப்பினர்களின் கவனம் அவர்பால் திரும்ப, இருப்பவரின் சொல் தளரத் தொடங்கும். ஆகவே வருநிலைப் பொறுப்பாளர் எதை மட்டும் முடிவு செய்யலாம் என்பதை எழுத்தில் வைப்பது இன்றியமையாதது. அடுத்த ஆண்டுக்குரிய திட்டங்கள் அவருடையவை, நடப்பாண்டின் செலவுகள் அவருடையவை அல்ல என்னும் ஒரு வரியே பெரும்பாலும் போதும்.

மூன்றாவது முறை, தலைமையை இறுதியாண்டிலிருந்து ஓராண்டு முன்னுக்கு நகர்த்துவது. தமிழகக் கல்லூரிகளில் மூத்தவருக்கே தலைமை என்பது எழுதாத விதியாக இருப்பதால் இறுதியாண்டு மாணவரே தலைவராவது பெருவழக்கு. பொறியியல் கல்லூரிகளில் அது அவருக்கும் மன்றத்துக்கும் ஒருங்கே இடர் தருகிறது. ஏழாம் பருவத்தில் வளாக வேலைவாய்ப்புத் தேர்வுகளும் எட்டாம் பருவத்தில் செயல்திட்டப் பணியும் அவரைப் பிடித்துக்கொள்ள, மன்றப் பணி இரண்டாமிடத்துக்குப் போகிறது. மூன்றாமாண்டு மாணவர் தலைவராயின், பதவி முடிந்த பின்னும் ஓராண்டு முழுதும் அவர் வளாகத்திலேயே இருப்பார்; புதியவருக்கு ஐயம் எழும்போதெல்லாம் விடுதியில் அவர் அறைக்குச் சென்று கேட்டுவிட முடிகிறது. பன்னிரண்டு மாத உடனிருப்புக் காலத்தைச் செலவின்றித் தரும் இவ்வேற்பாட்டுக்கு இணையாக ஓர் ஆவணமும் நிற்க இயலாது. ஆனால் பதவி துறந்த மூத்தவர் பின்னிருந்து ஆள முற்படுவது இதில் எப்போதும் உள்ள அபாயம். செயற்குழுக் கூட்டங்களுக்கு அவர் அழைக்கப்பட்டாலன்றி வருவதில்லை என்னும் வழக்கத்தை முதலாண்டிலேயே நிலைநிறுத்தினால், ஆலோசனை ஆலோசனையாகவே நிற்கும். மூன்றாண்டுக் கலை அறிவியல் கல்லூரியில் இம்முறை இரண்டாமாண்டு மாணவரைத் தலைவராக்கும். ஓராண்டே மன்றத்தைக் கண்ட ஒருவரிடம் அத்தனை பொறுப்பையும் ஏற்றுவது மிகை என்பதால், அங்கு இணைச் செயலாளர், துணைப் பொருளாளர் பதவிகளை இரண்டாமாண்டினருக்கு ஒதுக்கி, அவர்களே மறுஆண்டு முதன்மைப் பொறுப்புக்கு உயரும்படி செய்வது தக்கது.

இவ்வாறு குழுவில் ஒரு பாதி மாறும்போது மறுபாதி தொடர்வதைப் படிமுறை மாற்றம் எனலாம். நாட்டு நலப்பணித் திட்டம் இதனைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது. 1969 இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றுகிறார். அலகில் எப்போதும் ஓராண்டு அனுபவம் பெற்றவரும் புதிதாகச் சேர்ந்தவரும் கலந்திருப்பர். 7 நாள் சிறப்பு முகாம் நடைபெறும் சிற்றூரில் ஊராட்சித் தலைவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் முன்பே அறிந்த மாணவர்கள் இருப்பது, உறவு அழியாமல் காக்கிறது. சேவை மன்றங்களுக்கு இதனைவிடப் பொருத்தமான முறை இல்லை. நாடகக் குழுவுக்கும் ஆண்டு மலர்க் குழுவுக்கும் இது அவ்வளவு பொருந்துவதில்லை. கலைப்படைப்பில் புதிய தலைமுறை தன் சுவையைத் தானே அமைத்துக்கொள்ள விழையும்போது, தங்கிவிட்ட பாதி தடையாகிவிடக்கூடும்.

ஆசிரியரை அச்சாகக் கொண்டு தொடர்ச்சியைப் பேணும் முறையும் உண்டு. மன்றப் பொறுப்பாசிரியரிடமே கோப்புகள், நிதி, தொடர்புகள் யாவும் இருக்க, மாணவர்கள் நிகழ்ச்சிகளை மட்டும் நடத்துவர். எதுவும் தொலைந்துபோகாது, ஆயினும் மாணவர்கள் பொறுப்பைக் கற்பதும் இல்லை. ஆசிரியரும் நிலையானவர் அல்லர். அரசுக் கல்லூரியில் அவர் இடமாற்றம் பெறுவார், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கோ பணிக்காலம் பொதுவாக 3 ஆண்டுகளே. சென்ற ஆண்டுகளின் ஆவணங்கள் ஆசிரியரிடமும் நடப்பாண்டின் முடிவுகள் மாணவரிடமும் இருப்பதே நேரிய பகிர்வு.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, தமிழகத்துத் தமிழ் மன்றங்களுக்கு ஒரு வழி தெளிவாகவே தெரிகிறது. பொங்கல் விழா, முத்தமிழ் விழா, கல்லூரி ஆண்டு விழா ஆகிய பெருநிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரட்டைப்படைப் பருவத்தில், அதாவது டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் அமைகின்றன. பொங்கலுக்கு முன்னரே அடுத்த பொறுப்பாளர்களைத் தெரிந்துவிட்டால், மன்றத்தின் கடினமான மூன்று மாதங்களை அவர்கள் உடனிருந்து பார்க்கின்றனர். அவர்களின் பொறுப்பேற்பை மார்ச் இறுதியில் வைக்கலாம்; அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. கல்வியாண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை. கல்வியாண்டின் இறுதியில் பொறுப்பை மாற்றும் மன்றத்தில், ஒரே நிதியாண்டின் கணக்குக்கு இரு பொருளாளர்கள் விடைசொல்ல நேர்கிறது. மார்ச் 31 அன்று கணக்கை முடித்து, கல்லூரி அலுவலகத்தில் பெற்ற முன்பணங்களுக்கெல்லாம் பற்றுச்சீட்டு தந்து நேர்செய்து, கையிருப்பை இருவரும் எண்ணிக் கையொப்பமிட்டு ஒப்படைத்தால் அச்சிக்கல் எழுவதில்லை.

மன்றத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருப்பின் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். கையொப்பமிடுவோரை மாற்றுவதற்குக் கூட்டத் தீர்மானத்தின் படி, புதியவர்களின் அடையாள ஆவணங்கள், மாதிரிக் கையொப்பம் ஆகியவற்றை வங்கி கேட்கும். பழைய பொருளாளரும் நேரில் வரவேண்டி நேரலாம். அவர் தேர்வு முடிந்து சொந்த ஊருக்குச் சென்றபின் இதனைத் தொடங்கும் மன்றம், பல மாதங்கள் தன் பணத்தையே எடுக்க இயலாமல் நிற்கும்.

மின்னணுக் கணக்குகளிலும் இதே கவனம் தேவை. மன்றத்தின் மின்னஞ்சலும் இன்ஸ்டாகிராம் பக்கமும் சென்றுவிட்ட மாணவர் ஒருவரின் கைபேசி எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்திருந்தும் பயனில்லை. உள்நுழையக் கேட்கப்படும் குறியெண் அவர் கைபேசிக்கே செல்லும். கல்லூரி வழங்கிய மாணவர் கணக்கில் சேமிக்கப்பட்ட படங்களும் கணக்குத் தாள்களும், படிப்பு முடிந்து அக்கணக்கு மூடப்படும்போது உடன்மறையக்கூடும். தனிக் கணக்காயினும், 2 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத கணக்கை நீக்கும் நெறியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் கொண்டுள்ளது. ஆகவே மன்றத்துக்கென ஒரு பொது மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, மீட்பு எண்ணாகப் பொறுப்பாசிரியரின் எண்ணைத் தந்து, ஒப்படைப்பு நாளில் புதியவர் தம் கைபேசியிலேயே உள்நுழைந்து பார்த்தபின் பழையவர் வெளியேறுவது நல்லது. வாட்ஸ்ஆப் குழுவின் ஒரே நிர்வாகி யாரையும் நியமிக்காமல் வெளியேறினால், உறுப்பினர்களுள் எவரேனும் ஒருவர் தாமாகவே நிர்வாகியாக்கப்படுவார் என்பதும் நினைவில் இருத்தத்தக்கது.

தேர்தலா நியமனமா என்னும் வினாவுக்கு இவ்வளவுக்கும் பின்னரே இடமுண்டு. உறுப்பினர் பலராய் இருந்து நிதியும் மிகுந்திருக்கும் மன்றத்துக்குத் தேர்தலே நம்பிக்கையைத் தரும். இருபது பேர் சேர்ந்து உழைக்கும் சிறு குழுவில் தேர்தல் பிளவைத் தந்துவிடுவதால், செல்லும் குழுவும் ஆசிரியரும் கூடிப் பேசி, காரணத்தை அனைவருக்கும் வெளிப்படையாகச் சொல்லித் தெரிவது மேல். இரண்டில் எதுவாயினும் உடனிருப்புக் காலத்துக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

எவ்வித ஒப்படைப்பும் இன்றி, பழைய குழு முழுதும் சென்றுவிட்ட பின் பொறுப்புக்கு வருவோரும் உள்ளனர். அவர்கள் முதலில் நாடவேண்டிய இடம் கல்லூரிக் கணக்குப் பிரிவு. மன்றத்துக்கு வழங்கப்பட்ட முன்பணங்களும் அவற்றுக்கு ஈடாகத் தரப்பட்ட சீட்டுகளும் அங்கு இருப்பதால், சென்ற ஆண்டுகளில் எந்த மாதத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தது, எந்த அச்சகத்துக்கும் ஒலி அமைப்பாளருக்கும் எவ்வளவு தரப்பட்டது என்பவை பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல்வர் அலுவலகத்துக் கோப்பில் அனுமதிக் கடிதங்களும் அழைப்பிதழ்களும் கிடைக்கும். கல்லூரி ஆண்டு மலரில் முந்தைய பொறுப்பாளர்களின் பெயர்களும் படங்களும் இருக்கும். அப்பெயர்களைக் கொண்டு இருவரையேனும் தேடிப் பிடித்து, முதல் நிகழ்ச்சிக்கு அழைத்து, முன்னிலை வகிக்கச் செய்து, நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் அவர்களோடு அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்வது, விடுபட்டுப்போன ஒப்படைப்பைக் காலம் தாழ்ந்தேனும் நடத்திக்கொள்ளும் வழியாகும்.