தொகை அப்புறம், கேஸ் ஷீட் முதலில்

அன்புள்ள தம்பிக்கு,

சட்ட உதவி மையத்துக்கு வந்த அந்த அம்மாவைப் பற்றி நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். பையனுக்கு இரண்டு வயது பத்து மாதம். இன்னும் கழுத்து நிற்கவில்லை. பிறந்ததும் அழவில்லை. 'சிபி' என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவையும் எழுதிவிட்டு நீ கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம் ஐயா?" படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. உன்மேல் மட்டுமல்ல. சிபி, அதாவது மூளை முடக்குவாதம் என்றாலே பிரசவம் பார்த்தவர் தப்புச் செய்தார் என்று முடிவுகட்டிவிடும் வக்கீல்கள் மேலும், இதற்கு யாருமே பொறுப்பில்லை என்று எடுத்த எடுப்பில் கைவிரிக்கும் மருத்துவர்கள் மேலும்தான்.

இந்தச் சண்டை பழையது. 1861இல் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். கஷ்டப் பிரசவம், குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், இவற்றால்தான் சில குழந்தைகளின் கை கால்கள் இறுகிப்போகின்றன என்றார். சாட்சிக்கு ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டைக்கூட இழுத்துவந்தார்! 1897இல் ஒருவர் மறுத்தார். கஷ்டப் பிரசவமே கருவில் முன்பே நேர்ந்துவிட்ட கோளாறின் அறிகுறியாக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். அவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கனவுகளுக்கு விளக்கம் சொல்லப் போவதற்கு முன் அவர் நரம்பியல் மருத்துவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆய்வுகள் ஃப்ராய்ட் பக்கமே சாய்ந்தன. பிரசவ நேரத்து மூச்சுத் திணறலால் வரும் சிபி, மொத்தத்தில் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்கு உண்மை. எதிர்த்தரப்பு வக்கீல் ஃப்ராய்டின் வாரிசாகத்தான் வந்து நிற்பார். நீ லிட்டிலை மட்டும் நம்பிப் போனால் முதல் குறுக்கு விசாரணையிலேயே கவிழ்ந்துவிடுவாய்.

ஆகவே முதல் கேள்வி, இது எந்த வகை சிபி என்பது. நிறைமாதக் குழந்தைக்குப் பிரசவத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் பெரும்பாலும் நான்கு கை கால்களும் இறுகும், அல்லது கட்டுப்பாடில்லாமல் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் என்றால் மூளை ரத்தக்குழாய் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். கால்கள் மட்டும் என்றால் குறைமாதமா என்று பார்ப்பார்கள். முறுக்கலோடு காதும் கேட்கவில்லை என்றால், தம்பி, லேபர் ரூமை விட்டுவிட்டுக் குழந்தையின் முதல் வாரத்துக்குப் போ. மஞ்சள் காமாலை அளவு மீறி ஏறியதை யாரும் கவனிக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படியானால் அலட்சியம் நடந்த இடமே வேறு. இதைக் கேட்காமல் போட்ட வழக்குகள் தவறான டாக்டரைக் கூண்டில் ஏற்றியிருக்கின்றன.

இனி நான் வகுப்பில் சொல்லி உங்களை அலுக்கவைத்த விஷயம், பார்ட்டோகிராம். நீளும், பொறுத்துக்கொள். பிரசவ வலியின் போக்கை மணிவாரியாகக் குறிக்கும் ஒற்றைத் தாள் அது. கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்பதை நேரத்துக்கு எதிரே புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். இரண்டு சாய்கோடுகள் இருக்கும்: ஒன்று எச்சரிக்கைக் கோடு, நான்கு மணி நேரம் தள்ளி நடவடிக்கைக் கோடு. குழந்தையின் இதயத் துடிப்பை அரை மணிக்கு ஒரு தரம் குறிக்க வேண்டும். வலி வர ட்ரிப்ஸ் போட்டிருந்தால் எத்தனை சொட்டு என்பதும், பனிக்குடம் உடைந்திருந்தால் தண்ணீரின் நிறமும் அதில் இருக்கும். "குழந்தை உள்ளேயே மோஷன் போயிருச்சுன்னு சொன்னாங்க" என்று தாய் சொல்வதற்கு எழுத்துச் சாட்சி இந்தத் தாள்தான்.

நான் பார்த்த ஒரு தாளில் (மருத்துவமனையின் பெயர் வேண்டாம்) இரவு முழுக்க துடிப்பு 140, 140, 140. எல்லாப் புள்ளியும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு சாய்வுகூட மாறவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் நிரப்பியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அதே இரவின் நர்ஸ் குறிப்பிலோ, விடியற்காலை நாலரைக்கு 'துடிப்பு 90, டாக்டருக்கு போன்' என்று இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் சமரசப் பேச்சு தொடங்கிவிட்டது. தாய் ஆயிரம் சொல்லலாம். அந்த இரண்டு தாள் சொல்வதுபோல் வராது.

அதோடு பிறந்த குழந்தையின் நிலையைக் குறிக்கும் ஐந்தாம், பத்தாம் நிமிட அப்கார் மதிப்பெண், முதல் நாட்களில் வலிப்பு வந்ததா என்ற குறிப்பு, எம்ஆர்ஐ, தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அதுவும் வேண்டும். அந்த ரத்தத்தின் பிஹெச் 7க்குக் கீழே இருந்தால் உன் வாதத்துக்கு எலும்பு கிடைத்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அதை எடுப்பதே இல்லை.

இதையெல்லாம் எப்படி வாங்குவது? மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அதே விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு மட்டும் பாதுகாத்தால் போதும் என்கின்றன. அந்தப் பையனின் வயதை மறுபடி பார். உனக்கு இரண்டு மாதம்கூட இல்லை! விண்ணப்பம் தாயின் கையெழுத்தில், ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு நாளைக்கே போகட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். முழு கேஸ் ஷீட் என்று எழுது.

எந்த ஆஸ்பத்திரி என்று நீ எழுதவே இல்லை. எல்லோருக்கும் இலவசம் என்ற அரசு மருத்துவமனையானால் உச்ச நீதிமன்றத்தின் 1995 சாந்தா தீர்ப்பு நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்கிறது. அப்போது வழி உரிமையியல் நீதிமன்றம் அல்லது ரிட் மனு. தனியார் என்றால் ஆணையம். கேட்பது கோடியானாலும் கட்டிய பணம் ஐம்பது லட்சத்துக்குள் என்றால் 2019 சட்டப்படி மாவட்ட ஆணையமே போதும். அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டு, ஆகவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுவும் சேர்த்துப் போடு. நோய் உறுதியான தேதியையும், காரணம் புரிந்த தேதியையும் காகிதத்தோடு காட்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் குழந்தையின் கோரிக்கைக்குக் காலக்கெடுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு துணை நிற்கும். மைனர் பருவம் முடியும்வரை கடிகாரம் ஓடாது. பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. இலவச வக்கீலுக்கு வருமானச் சான்று கேட்டு அந்த அம்மாவை அலைக்கழிக்காதே. பெண், குழந்தை, மாற்றுத்திறனாளி, மூன்று வழியிலும் அவர்களுக்கு உரிமை உண்டு.

நிபுணர் அறிக்கையை வக்கீலே எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. வேண்டாம். ஆயுதம் போட்டு இழுத்த குழந்தையின் வழக்கான வைட்ஹவுஸ் எதிர் ஜோர்டனில், 1980களின் தொடக்கத்தில், வில்பர்ஃபோர்ஸ் பிரபு இதைத்தான் கண்டித்தார்: நிபுணரின் கருத்து வழக்கின் தேவைக்கு வளையாமல் அவருடையதாகவே இருக்க வேண்டும். அந்தக் குடும்பம் தோற்றது. மகப்பேறு மருத்துவர் ஒருவர் மட்டும் போதாது. நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பச்சிளம் குழந்தை மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் இருவரும் வேண்டும். தப்பு நடந்தது என்பது ஒன்று. அந்தத் தப்பால்தான் இந்த மூளை பாதித்தது என்பது இன்னொன்று.

சரி, தொகை. 2015இல் உச்ச நீதிமன்றம் கிருஷ்ணகுமார் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதமாகப் பிறந்து, விழித்திரைப் பரிசோதனை செய்யாததால் பார்வை இழந்த பெண்ணுக்கு ஏறத்தாழ 1.80 கோடி கொடுத்தது. தேசிய ஆணையம் கொடுத்திருந்தது 5 லட்சம். அது சிபி வழக்கல்ல; ஆனால் கணக்குப் போடும் முறைக்காகப் படி. வருங்கால மருத்துவச் செலவு, அதோடு விலைவாசி ஏற்றம். பிசியோதெரபி பில், ஆட்டோ செலவு, தாய் விட்ட வேலையின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்.

ஜப்பானின் முறை இங்கும் வர வேண்டும் என்று ஒரு கிறுக்கு யோசனை எனக்கு உண்டு. அங்கே 2009 முதல், தகுதியுள்ள சிபி குழந்தையின் குடும்பத்துக்கு, யார் தப்பு என்று நிரூபிக்காமலே மூன்று கோடி யென் தருகிறார்கள். காரணத்தை ஒரு குழு தனியாக ஆராய்கிறது. இங்கே நிரூபிக்க முடியாத குடும்பத்துக்கு ஒன்றுமில்லை, அவர்களே அதிகம். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் வராது. இருந்தாலும் படித்துவை.

வழக்கு முடியும்வரை குழந்தை காத்திருக்காது. மாற்றுத்திறனாளிக்கான யுடிஐடி அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் (ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை) இந்த வாரமே விண்ணப்பிக்கட்டும். விண்ணப்ப நகலை எனக்கு அனுப்பு. பிறந்த மூன்றாம் நாள் குழந்தை மஞ்சளாக இருந்ததா, காது நன்றாகக் கேட்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேட்டு அதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்