முப்பது வயதுக்குப் பின் நெடுந்தூர ஓட்டம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தாங்குதிறன் விளையாட்டு என்பது, விரைவைக் காட்டிலும் நெடுநேரம் ஓயாது இயங்கும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்ட நெடுந்தூர ஓட்டம், தொலைதூர மிதிவண்டிப் பயணம், நெடுந்தூர நீச்சல் முதலியவற்றின் பொதுப்பெயர். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய வேகம் இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கினாலும், இதயமும் நுரையீரலும் தசைகளும் சேர்ந்து தரும் தாங்குதிறனை நாற்பதிலும் ஐம்பதிலும் புதிதாக வளர்த்துக்கொள்ள இயலும். தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பு வகித்த மா. சுப்பிரமணியன், நீரிழிவு நோய் இருந்தும், ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, ஒவ்வொன்றும் 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மராத்தான்களை நூற்றுக்கு மேல் நிறைவு செய்திருக்கிறார்.

இவ்விரு மாவட்டங்களிலும் புதிதாகத் தொடங்குவோர், சென்னையிலும் கோவையிலும் காணப்படுபவை போன்ற ஓட்டக் குழுக்கள் தம் ஊரில் உருவாகட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனெனில் நெடுந்தூரத்தைத் தாங்கும் பழக்கமும் அதற்குரிய கூட்டமும் இங்கே வேறு பெயர்களில் ஏற்கெனவே உள்ளன. பெரம்பலூரிலிருந்து சமயபுரம் மாரியம்மன் கோயில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முழு மராத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். சமயபுரம் வரையிலான தொலைவைப் பாதயாத்திரையாக ஆண்டுதோறும் நடந்து கடப்போரில் பலர், எந்த இடத்தில் அமர்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும், கொப்புளம் எழும் முன் பாதம் எவ்வாறு எரியத் தொடங்கும், வெயில் ஏறுமுன் எவ்வளவு தூரத்தை முடித்துவிட வேண்டும் என்பனவற்றை எந்தப் பயிற்சி நூலின் துணையுமின்றி அறிந்தவர்கள். ஆதலின் முதற்படி ஷூ வாங்குவதன்று, ஆட்களைக் கண்டடைவதே.

அவர்களைக் காணத்தக்க முதல் இடம் மாவட்ட விளையாட்டரங்கம். விடியற்காலையில் அங்கே காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்பதால், வேகத்தைச் சீராகப் பங்கிடும் கலையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். அவர்களோடு போட்டியிட முயலாமல், கேட்டுக் கற்பதே முறை. ஓடுதளத்தின் உள்வட்டம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர், அதாவது பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர். விரைந்து ஓடுவோருக்கு உள்வட்டத்தை விட்டுக்கொடுத்து மெதுவாகச் செல்வோர் வெளிவட்டங்களில் செல்வது மைதானத்தின் எழுதப்படாத ஒழுங்கு. இரண்டாம் இடம், ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் தொடங்கப்பட்ட 8 கிலோமீட்டர் நடைபாதை. ஒரே நேரத்தில் இரண்டு வாரம் தொடர்ந்து சென்றால் முகங்கள் பழகிவிடும். அண்ணன், அக்கா, சார் என்னும் அழைப்புகள் தாமே வந்துவிடும். பெண்களுக்கு இத்தகைய தொடர்பு கூடுதல் இன்றியமையாதது. இருளில் தனியே செல்வதைத் தவிர்த்து, தெருவிலோ மகளிர் குழுவிலோ ஒருவரையாவது துணை சேர்த்துக்கொண்டு தொடங்குவது, பயிற்சி நின்றுபோகாமலிருக்கவும் உதவும்.

இரண்டாம் படி மருத்துவப் பரிசோதனை. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் மாரடைப்பு நேர்ந்தவர்களும், மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரிடம் தம் நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெறுதல் வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோர், ஓட்டத்தின் நடுவே சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும் ஆதலால், சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது மிட்டாய் வைத்திருத்தல் கட்டாயம். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அன்றைய ஓட்டம் அத்துடன் முடிந்தது எனக் கொண்டு உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

மூன்றாம் படியான பயிற்சியில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறிவிட, தசைநாண்களும், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறுகளும், எலும்புகளும் பல மாதங்கள் எடுத்துக்கொள்வதால், மூச்சு இடம்கொடுக்கிறது என்று தூரத்தைக் கூட்டுவோரின் முழங்காலும் குதிகாலும் வலிக்கத் தொடங்குகின்றன. எனவே முதல் மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள், அரைமணி நேர விரைநடை மட்டுமே போதும். நான்காம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிப் பத்து முறை செய்து, வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், பன்னிரண்டு வாரங்களில் பலரும் நிற்காமல் அரைமணி நேரம் ஓடும் நிலையை எட்டுவர். சரியான வேகத்தை அறியக் கைக்கடிகாரம் வேண்டியதில்லை. உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுவே உரிய வேகம், சொற்கள் துண்டுபட்டால் வேகம் மிகுதி. பேச்சுச் சோதனை எனப்படும் இம்முறைக்குத் துணை ஒருவர் தேவை என்பதும் கூட்டாகப் பயில்வதற்கு ஒரு காரணமே. வாரம் இரு நாள் வீட்டில் தோப்புக்கரணம் போட்டும், படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கியும் கால்களை வலுவாக்கிக்கொள்வது நலம்.

தொடங்கும் காலமும் கருதத்தக்கது. கத்தரி வெயிலில் புதியவர் ஓடத் தொடங்குதல் கூடாது. அது தணிந்தபின் ஜூன் நடுவில் தொடங்கினால், செப்டம்பர் 15ஆம் நாள் அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் நெடுந்தூர ஓட்டத்துக்குள் போதிய வாரங்கள் கிடைக்கும். ஆடிக்காற்றில் மிதிவண்டி ஓட்டுவோர் எதிர்காற்றில் புறப்பட்டு, காற்றின் துணையோடு திரும்புமாறு பாதையை அமைத்துக்கொள்வது களைப்பைக் குறைக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலப் பாதைகள் உலர்ந்திருக்கையில் காலுக்கு இதமானவை. ஐப்பசி மழையிலோ ஷூவின் அடியில் மண் அப்பி, அடிக்கு அடி பாதம் கனத்துவிடும் என்பதால் அம்மாதங்களில் மைதானமே ஏற்றது. வியர்வையில் நீரோடு உப்பும் வெளியேறுவதால், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குப்பின் உப்பிட்ட மோரோ நீராகாரமோ அருந்தலாம்; இரத்த அழுத்தம் உடையோர் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சாலையைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. 89ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு லண்டனில், தம் முதல் மராத்தானை ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் ஊரருகே சாலையில் நடந்துசென்றபோது கார் மோதியே இறந்தார். அரியலூர்ப் பகுதியில் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. பெரம்பலூரை ஒட்டிச் செல்வது சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை. இவ்விரண்டையும் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல், ஏரிக்கரைகளையும் ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளையும் நாடுதல் வேண்டும். நடப்போரும் ஓடுவோரும் வரும் வண்டியை எதிர்நோக்கிச் சாலையின் வலப்புறமாகவும், மிதிவண்டியில் செல்வோர் இடப்புறமாகவும், வெளிச்சத்தில் ஒளிரும் பட்டையணிந்தும் செல்லவேண்டும். காதில் பாட்டுக்கருவி அறவே கூடாது. நீச்சல் பழக விரும்புவோர், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளில் இறங்கவே கூடாது. செங்குத்தான ஓரங்களையும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தையும் உடைய அவற்றிலிருந்து களைத்தவர் கரையேறுவது அரிது.

அண்ணா நெடுந்தூர ஓட்டத்தில் 25 வயதுக்கு மேற்பட்டோருக்கெனத் தனிப்பிரிவு உண்டு. ஆண்களுக்கு 10 கிலோமீட்டரும் பெண்களுக்கு 5 கிலோமீட்டரும் தொலைவு. உள்ளூரிலேயே நடக்கும் இவ்வோட்டத்தைவிடப் புதியவருக்குப் பொருத்தமான முதல் களம் வேறில்லை. முதல் 2 கிலோமீட்டரைப் பயிற்சியைவிட மெதுவாக ஓடுவதும், அன்றைக்கென்று புது ஷூ அணியாதிருப்பதும் போதுமான உத்திகள். அங்கே அறிமுகமாகும் நால்வரோ ஐவரோ சேர்ந்து, வாரம் ஒருநாள், ஒரே இடம், ஒரே நேரம் என வகுத்துக்கொண்டு, அன்று மட்டும் கூட்டத்திலேயே மெதுவானவரின் வேகத்தில் எல்லோரும் ஓடுவது எனத் தீர்மானித்தால் அது நிலைக்கும் குழுவாகிவிடும். வேகமானவர்கள் முன்னே ஓடிவிடும் குழுவில் புதியவர் மூன்றாம் வாரம் வரமாட்டார்.

ஓராண்டுப் பயிற்சிக்குப்பின் அரை மராத்தானையும், மிதிவண்டி விரும்புவோர் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் பிறர் உதவியின்றி முடிக்கும் ‘பிரெவே’ எனும் பயணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கு முன்னோட்டமாகப் பெரம்பலூரிலிருந்து ரஞ்சன்குடிக் கோட்டைக்கோ, ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ கிராமச் சாலைகள் வழியே குழுவாகச் சென்று திரும்பி, பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் வைத்திருந்து, கழன்ற சங்கிலியைத் தாமே மாட்டப் பழகிக்கொள்ளுதல் வேண்டும்.