மதனகாமப்பூ மரத்தைக் காக்கும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், தென்னங்கீற்றுப் போன்ற இலைகளைத் தலையில் சூடி நிற்கும் ஒரு மரத்தை ஈச்ச மரமென எண்ணிப் பலர் கடந்து போயிருப்பர். அது பனையினமும் அன்று, ஈச்சையினமும் அன்று. மலையாள நாட்டில் ஈந்து என்றும், நம் மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்றும் வழங்கும் அதனை அறிவியலார் சைக்கஸ் சர்சினாலிஸ் என்பர். பூவே பூக்காத மரத்திற்குப் பூவின் பெயர் வாய்த்தது வேடிக்கையே. பூ என விற்கப்படுவது ஆண் மரத்தின் உச்சியில் எழும் கூம்பாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இவ்வினம், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. பனையில் ஆண் வேறு, பெண் வேறு என்பதை உழவர் அறிவர்; இம்மரமும் அத்தகையதே. மகரந்தம் உதிருமுன் ஆண் கூம்புகள் அனைத்தையும் அறுத்து விற்றுவிட்டால், அருகிலுள்ள பெண் மரத்தில் முளைக்கும் விதை உண்டாவது எங்ஙனம்? விதையை ஊறவைத்து உலர்த்தி, நஞ்சு நீக்கி மாவாக்கி உண்பது மலைவாழ் மக்களின் நெடுநாள் வழக்கம். அதனை நாம் குறை கூறோம். வீட்டு உலைக்கு எடுப்பது வேறு, சந்தைக்கு மூட்டை கட்டுவது வேறு. பந்தல் அலங்காரத்திற்கு இலை வெட்டுவதும், தண்டின் சோற்றுக்காக மரத்தையே சாய்ப்பதும் கேட்டை மிகுவிக்கின்றன. காட்டுத் தீக்கு வளர்ந்த மரம் தாங்கும், இளங்கன்று தாங்காது. காடழித்துத் தோட்டமாக்கிய இடங்களில் இரண்டுமே இல்லை.

2002 ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு எழுதுதல் வேண்டும். மலையோர ஊராட்சிகள் அப்பதிவேட்டில் இம்மரங்கள் நிற்கும் இடத்தையும், ஆண் பெண் எண்ணிக்கையையும், கூம்பு எழும் மாதத்தையும் குறிக்கலாம். காட்டில் பொருள் சேகரிக்கும் முதியோரை முதலில் கேளுங்கள். நம் அலுவலர்களைக் காட்டிலும் அவர்கள் நன்கறிவர். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரம் அளித்துள்ளது. எத்தனை கூம்புகளை மகரந்தம் உதிரும்வரை விட்டுவைப்பது, எந்தப் பகுதியில் விதை எடுக்காதிருப்பது என்பவற்றை, சேகரிப்போர் முன்னிலையில் அச்சபையே முடிவு செய்யலாம். ஊர் விழாப் பந்தலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் போதும்.

நாற்று வளர்க்க முன்வரும் உழவர், தம் பகுதி மரங்களின் விதையையே, அதுவும் ஒரு பங்கை மட்டும், அனுமதி பெற்று எடுத்தல் நலம். சதையுறை நீக்கி நிழலில் ஊன்றுக. முளைக்கப் பல மாதங்கள் ஆகலாம். இலை கால்நடைக்கு நஞ்சாதலின் வேலி அவசியம். கன்று ஆணா பெண்ணா என்பது கூம்பு விடும்வரை தெரியாது. ஆதலால் ஒன்றிரண்டோடு நில்லாது, பத்துப் பன்னிரண்டைச் சேர்த்தே நடுதல் வேண்டும்.