உறையின் பின்புறம்

மாணவர்களே! கடையில் சோப்பு வாங்கும்பொழுது நாம் மணத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். உறையின் பின்புறம் எறும்பு வரிசைபோல் அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் படிப்பவர் சிலரே. இப்பாடம் அவ்வெழுத்துகளைப் பற்றியது.

எண்ணெயோடு காரம் சேரும்பொழுது சோப்பு உண்டாகிறது. (ஈழத்தமிழர் இதனைச் சவர்க்காரம் என்பர்.) 'சோடியம் பாமேட்' என்றிருந்தால் அது பனையெண்ணெயில் பிறந்தது, 'சோடியம் கோகோயேட்' என்றிருந்தால் தேங்காயெண்ணெயில் பிறந்தது. 'அக்வா' என்பது வெறும் தண்ணீர்! உறையில் 'டி.எஃப்.எம்.' என்றும் ஓர் அளவு இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் என்பது அதன் பொருள். இந்தியத் தர அளவின்படி முதல் தரக் குளியல் சோப்பில் இது 76 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. 'பேத்திங் பார்' எனப்படும் குளியல் கட்டிக்கு 40 போதும். ஆகவே 100 கிராம் முதல் தரச் சோப்பும் 125 கிராம் குளியல் கட்டியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், பெரியதே இலாபம் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னதில் கொழுப்புப் பொருள் 76 கிராம். பின்னதில் 50 கிராம் மட்டுமே இருக்கலாம்.

களிம்புகளுக்கு வேறொரு விதி உண்டு. ஒரு விழுக்காட்டிற்கு மேற்பட்ட பொருள்களை மிகுதியானது முதலாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முகப்பில் பெரிய படமாகத் தோன்றும் குங்குமப்பூ, பட்டியலில் கடைசி வரியில் ஒடுங்கியிருப்பதை நீங்களே கண்டறியலாம்.

சில களிம்புகளில் அஞ்சத்தக்க பொருளும் ஒளிந்திருக்கிறது. அது பாதரசம். நம் ஊருக்கு இது புதியதன்று. கோலார் தங்கவயலின் ஆலைகளில் முற்காலத்தில் பாறையை இடித்துத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் நீரோடு ஓடவிட்டனர். தங்கத்துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டது. சயனைடு முறை பின்னர் வந்தது. அதன் எச்சமான மேடுகளை இன்றும் காண்கிறோம்.

அதே பாதரசம் தோலில் மெலனின் என்னும் நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. ஆதலால் 'ஏழே நாளில் வெண்மை' எனக் கூவும் சில களிம்புகளில் அதனைக் கலக்கின்றனர். அது தோல்வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். வெயிலில் உழைத்த சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு இத்தகைய வெண்மை எதற்கு என்பதே என் வினா.

கண்ணைச் சுற்றிப் பூசுவன தவிர்த்த பிற ஒப்பனைப் பொருள்களில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. விதியை மீறுவோர் அதனை உறையில் எழுதாமலே விடுவர். எழுதினாலும் 'கலோமல்', 'மெர்க்குரிக் அயோடைடு' என்று எழுதுவர். ஆயினும் ஒரு வரி அவர்களைக் காட்டிக்கொடுப்பதுண்டு: 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்.' ஏன் என்று தங்கவயல் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ? செய்தவர் முகவரியோ தொகுதி எண்ணோ இல்லாத குப்பியையும் ஐயத்தோடு பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்: களிம்பு – பூசுமருந்து, நிறமி – நிறம் தரும் பொருள், எச்சம் – மிச்சம்.

பயிற்சி
1. வீட்டிலுள்ள இரு சோப்புகளின் உறைகளைக் கொணர்ந்து, எடை, விலை, டி.எஃப்.எம். ஆகியவற்றை எழுதி ஒப்பிடுக.
2. பாதரசம் கலந்த களிம்பு நகையில் பட்டால் யாது நிகழும்? ஆலைத் தகட்டோடு ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: தேங்காயெண்ணெய், தங்கத்துகள்.